வலப்பக்கத்துச் சாமி

இந்த ஆடும் சரியில்லையாம். குறிகாரக் கிழவர் எனாமோஸ் ஈரலைக் கையில் ஏந்தி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "இது வேண்டாம், அடுத்ததைக் கொண்டாங்க" என்றார். அடுத்ததைக் கொண்டாங்களாம்! பந்தியில் உட்கார்ந்துகொண்டு அப்பளம் கேட்கிறார் பாருங்கள். முன்வரிசையில், வெண்கலத் தலைக்கவசத்துக்குள் வெந்துகொண்டிருந்த அல்கோனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யோவ் கிழவா, ஆடு நல்லாத்தான் இருக்கு, நாங்கதான் நல்லா இல்லை என்று கத்தவேண்டும் போலிருந்தது. கத்தலாமா? ஈரலில் நல்ல குறி விழுகிறவரை ஒருத்தனும் ஓர் அடி எடுத்துவைக்கக் கூடாது. அது பெலோயா ஊரின் வழக்கம், எதிரே நிற்கிற கர்த்தே ஊரின் வழக்கம், கிரேக்க தேசத்தில் சண்டை போடுகிற எல்லா ஊர்களின் வழக்கம். கல் வந்து விழட்டும், அம்பு வந்து விழட்டும், அசையாமல் நிற்கவேண்டியதுதான். அந்தப் பக்கமும் ஒரு கிழவர் ஆட்டை அறுத்து அறுத்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருக்கிறார் என்பது ஒன்றுதான் ஆறுதல். நடுவில் வெறும் புல்வெளி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று தெரியாமலா சொன்னார்கள். சண்டை வேண்டாம் என்று சாமி சொல்கிறதா, இப்போது வேண்டாம் என்று சொல்கிறதா, இல்லை ஆட்டுக்கறி இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று சொல்கிறதா? மூக்கு அரிக்கிறது. கவசத்தின் மூக்குப்பட்டைக்கு அடியில், சரியாக நுனியில். ஒரு கையில் ஈட்டி, ஒரு கையில் கேடயம், எந்தக் கையால் சொறிவது? உள்ளுக்குள்ளேயே மூக்கைச் சுழித்துப் பார்த்தான். அரிப்பு இடது பக்கம் போனது. வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கியது. செத்தால் இந்த அரிப்பு நிற்கும் என்று நினைத்தான், நினைத்த வேகத்தில் அய்யய்யோ, அப்படி நினைக்கலாமா, எந்தச் சாமி காதில் விழுந்ததோ என்று பயந்து, மனசுக்குள் அந்த நினைப்பைத் துப்பினான். வாயால் துப்பினால் கவசத்துக்குள்தான் விழும்.

இத்தனைக்கும் சண்டை எதற்கு? ஒரு மரச்சிலைக்கு. ஹேரா தேவியின் பழைய மரச்சிலை, முழங்கால் உயரம், மூக்குக் கொஞ்சம் தேய்ந்தது, பெலோயாக்காரர்களுக்குச் சொந்தம். ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கர்த்தேக்காரர்கள் வருஷா வருஷம் தேவியை அழைத்துப்போய் அவர்கள் ஊற்றில் குளிப்பாட்டி, புதுத்துணி உடுத்தி, திருப்பி அனுப்பவேண்டும் என்பது முறை. இந்த வருஷம் அனுப்பவில்லை. கேட்கப் போனவர்களிடம், "தேவிக்கு எங்க ஊர்த் தண்ணி ஒத்துக்கிச்சு, வரமாட்டேங்கறா, தூக்கினா மலையாக் கனக்கறா" என்றார்களாம். கனமாவது மண்ணாவது! போகும்போது தூக்கிக்கொண்டு போனவர்களில் அல்கோனும் ஒருவன், ஒரு கோழிக்கூடை கனம்கூடத் தேறாது. ஆனால் நடுவழியில் அத்திமரத்தடியில் சிலையைத் தரையில் வைத்துவிட்டு, இந்த வெயிலில் இவளுக்குக் குளியல் ஒரு கேடா என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தான். அது இப்போது ஞாபகம் வருகிறது. அவளுக்கும் ஞாபகம் இருக்குமா? நம்முடைய சாமிகளாவது கோயிலில் இருந்த இடத்தில் இருந்து படையலை வாங்கிக்கொள்ளும். ஒலிம்பஸ் மலைச் சாமிகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மனுஷன் அடித்துக்கொண்டால் போதும், மலையிலிருந்து இறங்கி வந்து, ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டு, ஒருத்தன் ஈட்டியைத் திருப்பிவிடுவதும் இன்னொருத்தன் செருப்பு வாரை அவிழ்த்துவிடுவதும்தான் வேலை. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, அங்கே கூத்தாடிகளே சாமிகள்தான். சண்டை என்று முடிவானதும் பெலோயாவில் கேட்ட முதல் கேள்வி, அவனுகளுக்கு எத்தனை ஆள் என்பதில்லை, யார் யார் எந்தப் பக்கம் என்பதுதான். பொசைடன் கர்த்தே பக்கம், அது நிச்சயம், அவர்களிடம் குதிரை இருக்கிறது, அவருக்குக் குதிரை என்றால் உயிர். அதீனா நம் பக்கம், போன திருவிழாவுக்கு நம் பெண்கள் அவளுக்குப் பட்டையாகக் கரை போட்டு அங்கி நெய்து சாத்தினார்கள், ஆனால் அது ஒரு சாண் குட்டையாகப் போய்விட்டது, அதை அவள் எப்படி எடுத்துக்கொண்டாளோ. சண்டைக்கே சாமியான ஏரிஸ் எந்தப் பக்கமும் இல்லை, எல்லாப் பக்கமும்தான், இலை போடுகிற சத்தம் கேட்டால் யார் வீட்டு விசேஷம் என்று கேட்காமல் வந்து உட்காருகிற ஆசாமி. ஜீயஸ் தராசைப் பிடித்துக்கொண்டு நியாயம் பார்க்கிறவர் என்று பேர், பெண்டாட்டி முறைத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று ஊருக்கே தெரியும். பெண்டாட்டியோ ஹேரா. யாருக்காகச் சண்டையோ அவளே எந்தப் பக்கம் என்று தெரியாமல் இரண்டு ஊர்க்காரர்களும் அவள் பேரைச் சொல்லிக்கொண்டு நிற்கிறார்கள்.

ஆனால் அல்கோனின் பயம் அவ்வளவு உயரத்தில் இல்லை. அவன் பயமெல்லாம் வலது பக்கத்தில் இருந்தது. அந்தச் சண்டையின் முறை அப்படி. வண்டிச் சக்கரம் போலப் பெரிய வட்டக் கேடயம், இடது கையில் மாட்டிக்கொள்வது. அது உன் உடம்பில் இடது பாதியைத்தான் மறைக்கும், மிச்சம் வெளியே நீட்டிக்கொண்டு உனக்கு இடது பக்கம் நிற்கிறவனின் வலது பாதியை மறைக்கும். ஆக, உன் வலது விலா, வலது தோள், ஈட்டி பிடித்த கை எல்லாமே உனக்கு வலது பக்கத்தில் நிற்கிறவன் கேடயத்தை நம்பித்தான். அவன் மனசு வைத்தால் நீ வீட்டுக்குப் போவாய், இல்லாவிட்டால் உன் வலது பக்கம் திறந்து கிடக்கிற சத்திரம்தான், யார் ஈட்டி வேண்டுமானாலும் உள்ளே வரலாம். அல்கோனை நம்பி இடது பக்கத்தில் குயவன் பிதோன் நின்றான், குண்டு மனுஷன், எல்லாச் சாமி பேரையும் கலந்துகட்டி முனகிக்கொண்டிருந்தான். அல்கோனுக்கு வலது பக்கத்தில் வழக்கமாக நிற்கிற தச்சனுக்கு விடியும்போதே வயிறு போக ஆரம்பித்துவிட்டது. பயத்தில் போனதோ அத்திப்பழத்தில் போனதோ, ஆளைக் காணோம். படைத்தலைவர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து, பின்னால் நின்ற ஒருத்தனைப் பிடரியில் கைவைத்து அந்த இடத்தில் தள்ளினார். திரும்பிப் பார்த்தால், தெலேசன். பெண்டாட்டி மிர்த்தோவின் அண்ணன். அல்கோனின் மச்சான். நாடு பூராவும் சல்லடை போட்டுச் சலித்தாலும் அல்கோன் செத்தால் சந்தோஷப்படக்கூடிய ஆள் இதைவிடப் பொருத்தமாகக் கிடைத்திருக்கமாட்டான்.

மச்சானுக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. இரண்டாவது பிள்ளைக்குப் பேர் வைக்கிற விசேஷத்தில் நின்றது. முதல் பிள்ளைக்கு அப்பாவைப் பெற்றவர் பேர், இரண்டாவதற்கு அம்மாவைப் பெற்றவர் பேர், அதுதான் முறை. அல்கோனின் மாமனார் பேர் பாட்ராகோஸ். அவர்கள் பாஷையில் தவளை என்று அர்த்தம். பிறந்து பத்து நாள் ஆன பச்சை மண்ணைக் கையில் வாங்கி, அந்தச் சின்ன முகத்தைப் பார்த்து, தவளே என்று கூப்பிட அல்கோனுக்கு வாய் வரவில்லை. லியோன் என்று வைத்துவிட்டான், சிங்கம். வைத்ததோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "தவளை கத்தினா மழை வரும், உங்கப்பா கத்தினா கடன்காரன்கூட வரமாட்டான்" என்று பந்தியில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். தெலேசன் கையில் இருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோனான். மாமனார் செத்து அப்போது ஒரு மாசம்கூட ஆகவில்லை. அதற்கப்புறம் சந்தையில் பார்த்தால் தெலேசன் காறித் துப்பிவிட்டு அந்தப் பக்கம் போவான், அல்கோன் இந்தப் பக்கம் நின்று அவனுடைய தலைமுறைகளை வரிசையாக விசாரிப்பான். ரெண்டு பேருக்கும் நடுவில் மிர்த்தோ, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்பது அவள் பிழைப்பு. சொல்லியிருக்கக் கூடாதுதான். அந்த மழை விஷயம் மட்டும் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் என்ன செய்வது, நல்ல வார்த்தை ஒன்று வாய் வரைக்கும் வந்துவிட்டால் அதை முழுங்குகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. இன்றைக்கு விடியற்காலையில் மிர்த்தோ கேடயத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கையில் கொடுக்கும்போது, பிள்ளை தலைமேல் அவன் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். "இன்னிக்கு ஒரு நாள், அந்த வாயை மூடிக்கிட்டு இருங்க. எங்க அண்ணன் எதிர்ல வந்தாலும் சரி, என்ன சொன்னாலும் சரி. ஏதாவது ஒரு சாமிக்கு அமைதியான ஆளைப் பிடிக்கும், அது உங்களைக் காப்பாத்தட்டும்." அவள் கண் வீங்கியிருந்தது. அவன் சரி என்றான். அதனால்தான், வரிசையில் வந்து நின்ற தெலேசன் எடுத்த எடுப்பில் ஆணி வைத்த செருப்பால் அவன் காலை வேண்டுமென்றே ஓங்கி மிதித்தபோது, நாக்கு நுனிக்கு வந்த ஏழெட்டு நல்ல வார்த்தைகளைக் கஷ்டப்பட்டு உள்ளே தள்ளிவிட்டு, "பரவாயில்லை மச்சான்" என்றான்.

அங்கேதான் விஷயம் ஆரம்பித்தது. தெலேசன் அவனைப் பார்த்தான். கவசத்தின் இரண்டு ஓட்டைகள் வழியாக ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் காலை எடுத்துக்கொண்டு, "வலிச்சுதுங்களா?" என்றான். வலிச்சுதுங்களா! தெலேசன்! பெற்ற தாயைக்கூட ஒருமையில் ஏசுகிறவன்! கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி வேணுங்களா? என் தோல்பையில இருக்கு" என்றான். அப்புறம் ஒரு ஈ வந்து அல்கோனின் ஈட்டிக் கைமேல் உட்கார்ந்தபோது, பூப்போல ஊதி விரட்டினான். ஊதினான் என்றால் ஊதினான். இது மச்சான் இல்லை. எந்தக் காலத்திலும் இல்லை. உடம்பு மச்சானுடையது, உள்ளே இருப்பது வேறு யாரோ. இப்படி நடக்காததா? தாத்தா காலத்துச் சண்டையில் கிதாஸ் என்று ஒருத்தன், பக்கத்தில் சித்தப்பா மகன் நின்று அவனுக்கு வந்த குத்தையெல்லாம் வாங்கிக்கொண்டானாம், ஜெயித்துவிட்டுத் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், சித்தப்பா மகன் காய்ச்சலில் மூன்று நாளாகப் படுத்தபடி கிடக்கிறான், திரும்பிப் பார்த்தால் தோளில் போட்ட கை வெறும் காற்றில் இருக்கிறது. இன்றைக்கும் அந்த வாசலில் ஒரு கல் நட்டுத் தேன் ஊற்றுகிறார்கள். சரி, அது நல்ல கதை. இன்னொரு கதையும் உண்டு. ஒருத்தன் பக்கத்தில் அவன் மாமன் வேஷத்தில் ஒரு சாமி வந்து நின்று, நான் இருக்கேன் போடா, நான் இருக்கேன் போடா என்று உசுப்பி உசுப்பி நடுக்களத்துக்குக் கொண்டுபோய் விட்டு, சரியாக ஈட்டி வருகிற நேரத்தில் பனி விலகுவதுபோல விலகிவிட்டதாம். ஏன் என்று கேட்டால், மேலே மலையில் யாரோடோ பந்தயமாம். அவனுக்கு வாசலில் கல் நடக்கூட ஆள் மிஞ்சவில்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தால் நல்லதுதான், ஆனால் கும்பிடாத தெய்வம் காரணமே இல்லாமல் வந்து தண்ணீர் வேணுங்களா என்று கேட்டால் அதற்கு என்ன அர்த்தம்?

யாராக இருக்கும்? அதீனா என்றால் குட்டை அங்கிக்குக் கணக்குத் தீர்க்க வந்திருக்கலாம், ஆனால் நெய்தது மிர்த்தோ இல்லையே, மிர்த்தோ நூல் மட்டும்தான் நூற்றாள், அந்தக் குட்டைக்கு மேலத்தெருக்காரிகள்தான் பொறுப்பு, இதை எப்படி நாசூக்காக எடுத்துச் சொல்வது? ஹெர்மீஸ் என்றால் இன்னும் மோசம், அவர் செத்தவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர், முன்கூட்டியே வந்து பக்கத்தில் நிற்கிறார் என்றால் முடிந்தது கதை. ஹேராவேதான் என்றால்? அத்திமரம். இந்த வெயிலில் இவளுக்குக் குளியல் ஒரு கேடா. அய்யோ. மெல்லிசாக ஒரு வாசனை வேறு வந்தது, சாமி பக்கத்தில் இருந்தால் வாசனை வரும் என்பார்கள், ஆனால் காலடியில் மிதிபட்ட செடிகொடிகளின் வாசனையாகவும் இருக்கலாம், இத்தனை பேர் மிதித்தால் எந்தப் பச்சையும் வாசனை விடத்தான் செய்யும். நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரே வழி குதிகால். சாமி எந்த வேஷம் போட்டாலும் குதிகாலை மாற்ற மறந்துவிடும், பாளம் பாளமாக வெடிக்காமல் வழவழவென்று இருக்கும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இந்தக் கவசம் போட்டுக்கொண்டு நேர் எதிரே இருக்கிற மரணத்தை மட்டும்தான் பார்க்கலாம், பக்கத்தில் இருக்கிற காலைப் பார்க்க முடியாது. மெதுவாகக் குனிந்தான். இன்னும் கொஞ்சம் குனிந்தான். "ஏய் அல்கோன், என்னடா பம்முற? ஓடப் பாக்குறியா?" என்று பின்வரிசையில் ஒரு குரல். நாலு பேர் சிரித்தார்கள். நிமிர்ந்துகொண்டான். வழக்கமான அல்கோனாக இருந்தால் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனின் பெண்டாட்டி யாரோடு ஓடினாள் என்பதை இரண்டு ஊர்ப் படைக்கும் கேட்கிற மாதிரி சொல்லியிருப்பான். சத்தியம் நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டான். வலது பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. திருப்தியான பெருமூச்சு. எதற்குத் திருப்தி?

இன்னொரு ஆட்டை இழுத்துக்கொண்டு போனார்கள். அது அல்கோனைப் பார்த்துக்கொண்டே போனது. இரண்டில் எது மேல் என்று யோசித்தான். வலது பக்கம் நிற்பது சாமி என்றால் கேடயம் இரும்புச் சுவர், ஆனால் சாமிக்கு மனசு மாறினால் சுவரே கிடையாது. மச்சான் என்றால் கேடயம் வெறும் கேடயம், ஆனால் மச்சானுக்கு மனசு மாறவே வேண்டாம், ஏற்கெனவே மாறித்தான் இருக்கிறது, இத்தனை வருஷம் வளர்த்த பகையைத் தீர்க்க கேடயத்தை ஒரு சாண் அந்தப் பக்கம் இழுத்தால் போதும், கொன்றான் என்று யாரும் சொல்லமாட்டார்கள், போரில் செத்தான் என்றுதான் சொல்வார்கள், தெலேசனே ஒப்பாரிக்கு முதல் ஆளாக வந்து நிற்பான். நம்பக்கூடாத சாமியா, நம்பமுடியாத மச்சானா? இதற்கு ஈரலில் குறி பார்த்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? யோசனை கிணற்றில் விழுந்த பூனைபோல அதே சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. சிங்கக்குட்டி இந்நேரம் எழுந்திருப்பான். எழுந்ததும் பால் கேட்பான், அப்புறம் அப்பா எங்கே என்பான். அப்பா எங்கே என்று கேட்டால் மிர்த்தோ என்ன சொல்வாள்? தேவியைக் கூப்பிடப் போயிருக்கார் என்று சொல்வாள். அவள் அழக்கூடாது. சாகப் பிடிக்கவில்லை. சத்தியமாகப் பிடிக்கவில்லை. மரச்சிலை எங்கே வேண்டுமானாலும் குளித்துக்கொள்ளட்டும்.

"சாமி."

யாரோ சொன்னார்கள். பிதோனின் முனகலாக இருக்கும் என்று விட்டுவிட்டான். "சாமி, உங்களைத்தான்" என்றது குரல். வலது பக்கத்திலிருந்து, காதோரமாக. தெலேசன் தன் கவசத்தை அல்கோனின் கவசத்தோடு முட்டவைத்துக் கிசுகிசுத்தான். "தப்பா நினைச்சுக்காதீங்க. கண்டுக்கக்கூடாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா நான் காலையிலேயே கண்டுபிடிச்சிட்டேன். காலை மிதிச்சேன், பரவாயில்லை மச்சான்னீங்க. எங்க அல்கோனா இருந்தா என் பாட்டன் பூட்டன் அத்தனை பேரையும் எழுப்பி உட்காரவெச்சு ஏசியிருப்பான். பின்னாடி ஒருத்தன் கிண்டல் பண்ணினான், பேசாம நின்னீங்க. அப்பவே உறுதியாயிடுச்சு. கேடயம் வேற இப்படி ஜொலிக்குது. நீங்க ஆணா பெண்ணா, யாரு எவருன்னு நான் கேக்கமாட்டேன். அவனை வீட்டுலயே தூங்கவெச்சிட்டு நீங்க வந்தீங்க பாருங்க, அதுக்கே உங்க கால்ல விழணும். அவன் தறுதலைதான். எங்கப்பாவைச் சொன்னதை என்னால சாகிற வரைக்கும் மறக்க முடியாது. ஆனா அவன் போயிட்டான்னா என் தங்கச்சி உசுரோட இருக்கமாட்டா சாமி. எனக்கும்தான், சந்தைக்குப் போனா துப்பறதுக்கு யாரு இருக்கா? நேத்து ராத்திரியெல்லாம் அதே நினைப்பு, தூக்கமே இல்லை."

அல்கோனுக்கு நெஞ்சு இளகி, கண் நிறைந்து, கவசத்துக்குள் ஒரே ஈரம். நம் மச்சான். அடப்பாவி, நம் மச்சான்தான், எந்தச் சாமியும் இல்லை, குதிகால் பாளம் பாளமாக வெடித்த நம் சொந்த மச்சான்! பேசவேண்டும், என்னென்னவோ சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தான். அதற்குள் தெலேசன் தொடர்ந்தான், பயபக்தியோடு. "ஒரே ஒரு விண்ணப்பம் சாமி. உங்களுக்கு இந்தக் கேடயமெல்லாம் தேவைப்படாது இல்லீங்களா? உங்கமேல குத்தினா ஈட்டிதான் வளையும். நடக்க ஆரம்பிச்சதும் நான் இதை முழுசா என் பக்கம் இழுத்துக்கறேனே? எனக்கு நாலு பிள்ளைங்க."

நெஞ்சில் இளகியதெல்லாம் வயிற்றுக்கு இறங்கி உறைந்தது. "மச்சான்! நான்தான்டா! அல்கோன்டா!" என்றான். "சாமிங்க அப்படித்தானே சொல்லணும், வேஷம்னா முழுசா இருக்கணும்ல" என்றான் தெலேசன் புரிந்துகொண்ட குரலில். "டேய், பேர் வைக்கிற அன்னிக்கு நீ ரொட்டியைக் கீழ வெச்சிட்டுப் போனியே, நான் பார்த்தேனே!" "உங்களுக்குத் தெரியாம எந்த ரொட்டி கீழ விழும் சாமி?" அடக் கடவுளே, இவனை எப்படித் தெளியவைப்பது? திட்டு, அதுதான் வழி, சத்தியம் கிடக்கட்டும், மிர்த்தோ மன்னிப்பாள், விதவையாவதற்குச் சத்தியம் மீறல் தேவலை, திட்டு, நாறத்திட்டு. வாழ்நாளெல்லாம் ஊற்றெடுத்த வாய். எந்தச் சந்தையிலும் தோற்காத வாய். திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. பயத்தில் ஒரு வார்த்தைகூட ஞாபகமில்லை. தேடித் தேடி, "நீ... நீ ஒரு கழுதை" என்றான். தெலேசன் பிரசாதம் வாங்கிக்கொண்டவன்போலத் தலையை ஆட்டினான். "பார்த்தீங்களா, அவனா இருந்தா கழுதையோட நிறுத்துவானா?" சரியாக அந்த நேரம் பார்த்து எனாமோஸ் ஈரலைத் தலைக்குமேல் தூக்கி, "விழுந்துடுச்சு! நல்ல குறி!" என்று கத்தினார். இத்தனை நேரம் எந்த ஆட்டிலும் விழாத நல்ல குறி. எதிர்ப்பக்கத்துக் கிழவருக்கும் அதே நொடியில் விழுந்திருக்கவேண்டும், அங்கேயும் ஆரவாரம். குழல் ஊதினார்கள். வரிசை முழுக்க ஒரே மூச்சாக இழுத்து, ஈட்டிகள் சாய்ந்து, இடது கால் எழுந்தது. அல்கோனின் காலும் அவனைக் கேட்காமல் எழுந்தது.

நாலைந்து அடி போயிருப்பார்கள், அவன் வலது பக்கத்தில் காற்று வீசியது. காலையிலிருந்து ஏங்கிக்கொண்டிருந்த குளிர்ந்த காற்று, வேர்த்த விலாவில், அக்குளில், தோளில் சிலுசிலுவென்று பட்டது. கேடயம் விலகிவிட்டது. அந்தப் பாதி உடம்பு முழுக்கத் தனியாக, அம்மணமாக நடந்துகொண்டிருப்பதுபோல இருந்தது. எதிரே புல்வெளிக்கு அந்தப் பக்கம் ஒரு நீளமான பளபளப்பு இவர்களை நோக்கி அசைந்து வந்தது. அதில் ஏதோ ஒரு ஈட்டி இந்தக் காற்று வீசுகிற இடத்துக்குத்தான் வந்துகொண்டிருக்கிறது, எது என்றுதான் தெரியவில்லை. அவனுக்கு மச்சான்மேல் கோபம்கூட வரவில்லை. எதையும் நிரூபிக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. பல் கடகடவென்று அடித்துக்கொண்டது, முகமெல்லாம் கோணி, சின்னப் பிள்ளையில்கூட அழாத அழுகை ஒன்று அடியிலிருந்து கிளம்பி வந்தது. "மச்சான்" என்றான். "பயமா இருக்கு மச்சான்."

தெலேசனின் கால் ஒரு அடி தப்பியது. "என்ன சொன்னே?" என்றான். சொன்னீங்க என்று சொல்லவில்லை. "பயமா இருக்குடா" என்றான் அல்கோன், மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை இல்லை. "என்னை விட்டுட்டுப் போயிடாதே." சாமிகளுக்குப் பொறாமை உண்டு, கோபம் உண்டு, ஆசைக்கு அளவே கிடையாது, அடுத்தவன் வீட்டுச் சண்டையில் தலைநுழைக்கிற கெட்ட புத்தி தாராளமாக உண்டு. ஆனால் சாவே இல்லாதவர்களுக்கு இந்தப் பயம் எங்கிருந்து வரும்? இதை வேஷம் போட முடியாது. "அட எடுபட்ட பயலே, நீயாடா!" என்று அலறினான் தெலேசன். அவன் குரலில் அத்தனை ஏமாற்றம், அத்தனை நடுக்கம். "நீதானாடா நாயே! உனக்காடா நான் ஈ ஓட்டினேன்! உன்னைய நம்பியாடா நான் இவ்வளவு நேரம் தைரியமா நின்னேன்! அப்ப இங்க யாருமே இல்லையா? நாமதானா?" கேட்டுக்கொண்டே கேடயத்தை இந்தப் பக்கம் வீசித் தள்ளினான், அது அல்கோனின் வலது தோளில் வந்து இடித்தது, நல்ல இடி, எலும்பு வரை வலித்தது, காற்று நின்றது. அதற்கப்புறம் தெலேசன் ஏச ஆரம்பித்தான். நடைக்கு ஓர் ஏச்சு, குழலின் தாளத்துக்குச் சரியாக, இத்தனை வருஷ பாக்கியையும் சேர்த்து ஏசிக்கொண்டே அவனை ஒட்டி நடந்தான். அந்த ஏச்சைக் கேட்கக் கேட்க அல்கோனுக்குக் காலில் பலம் வந்தது.

அப்போது இடது பக்கத்திலிருந்து, "சாமி" என்று ஒரு குரல் கேட்டது. பிதோன். பக்கத்தில் நடந்த கிசுகிசுப்பு முழுசும் காதில் விழுந்திருக்கிறது, அழுகை மட்டும் குழல் சத்தத்தில் விழவில்லை போலிருக்கிறது. குண்டு மனுஷன் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கி, மரியாதைக்கு இடைவெளி விட்டு நடந்துகொண்டிருந்தான். "சாமி, நான் யாருக்கும் ஒரு கெடுதல் பண்ணினதில்லை" என்றான் அழமாட்டாத குறையாக. "உங்க பக்கத்துல நிக்கக் குடுத்துவெச்சிருக்கேன். எனக்கு மட்டும் ஏன் இப்படிக் குளிருது?" அல்கோன் குனிந்து பார்த்தான். வலது பக்கம் காற்று வீசிய நிமிஷத்திலேயே தன் கேடயத்தைத் தன்னை அறியாமல் நெஞ்சோடு அணைத்து இழுத்துக்கொண்டிருக்கிறான், பிதோனின் வலது பாதி முழுக்க வெட்டவெளியில் நடந்து வருகிறது. எதிரே இப்போது முகங்கள் தெரிந்தன. அல்கோன் கையை விரித்துக் கேடயத்தை இடது பக்கம் தள்ளினான், அது பிதோனின் தோளில் போய் இடித்தது.

"பிதோன்," என்றான், "சாமி யாரும் வரலை. நான்தான். ஒட்டி நில்லு."